நாய் இறந்த வீட்டில் புதிய குட்டி

சித்தூர்ப் பகுதியின் மாந்தோப்புகளிலும் திருப்பதியைச் சூழ்ந்த ஊர்களிலும் காவலுக்கு நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். வாந்தியும் இரத்தபேதியும் கண்டு குட்டியொன்று மூன்று நான்கு நாட்களில் மடிந்துவிட்டால், குழந்தைகளின் அழுகையைப் பொறாத வீட்டார் அடுத்த வாரமே வேறொரு குட்டியைக் கொணர்வதுண்டு. பத்து நாட்களில் அதுவும் அவ்வண்ணமே மடிகிறது. வீட்டுக்கு நாய் ராசியில்லை என்று பேச்சு எழுகிறது. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதற்குட்டியைக் கொன்ற வைரஸ் முற்றத்திலேயே இருக்கிறது.

இந்நோயை உண்டாக்குவது பார்வோ வைரஸ். 1978-ஆம் ஆண்டில் பல நாடுகளில் இது ஏறத்தாழ ஒரே சமயத்தில் தோன்றிற்று. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவுடையது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் காணப்பட்டது. நோயுற்ற நாயின் மலத்தில் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கான வைரஸ்கள் வெளிப்படுகின்றன. செருப்பு, துடைப்பம், சங்கிலி, உணவுத்தட்டு ஆகிய எதன் வாயிலாகவும் அவை பரவும்.

நாய் எந்த நோயால் இறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். டிஸ்டெம்பர் என்னும் நோயின் வைரஸுக்குக் கொழுப்பாலான உறையுண்டு. வெயிலிலும் உலர்ச்சியிலும் அது விரைவில் அழியும், சாதாரணப் பினாயிலும் அதற்குப் போதும். வெறிநோயின் வைரஸும் நிலத்தில் நெடுநாள் தங்குவதில்லை. ஆயினும் அந்நோயென ஐயம் எழுந்தால், நாயின் கடியோ எச்சிலோ பட்ட மனிதர் உடனே மருத்துவமனை செல்லுதலே முதற் காரியம், குட்டியைப் பற்றிய எண்ணம் பிறகு. பார்வோவுக்கோ கொழுப்புறை கிடையாது. பினாயிலும் சாராயமும் அதை ஒன்றும் செய்வதில்லை. நிழலான ஈரமண்ணில் அது பல மாதங்கள், சில வேளை ஓராண்டு வரையிலும், வீரியத்துடன் கிடக்கும்.

அதனை அழிக்க எளிதிற் கிடைப்பது சலவைத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர். காற்றுப் புகாமல் வைத்திருந்த புதிய தூளில் சுமார் 6 கிராமை ஒரு லிட்டர் நீரிற் கரைத்துச் சிமெண்டுத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஊற்றுமுன் அழுக்கைச் சோப்புநீரால் முற்றிலும் கழுவிவிடுதல் அவசியம். மலம், மண், சாணம் ஆகியவை குளோரினின் வலிமையை உறிஞ்சிக்கொள்ளும். இக்காரணத்தால் சாணம் மெழுகிய முற்றத்தில் இம்மருந்து பயன் தருவதில்லை. குளியலறை கழுவும் அமிலத்துடன் இதைக் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். மண் முற்றமாயின் மேல்மண்ணை வெட்டியெடுத்து ஆழப் புதைத்து, இடத்தை வெயில் படும்படி திறந்துவிடுதலே கூடிய வழி. நாய் படுத்த சாக்கைத் தயங்காமல் எரித்துவிடலாம்.

இத்தனை செய்தும் வைரஸ் முழுதும் ஒழிந்தது என்று சொல்லிவிட இயலாது. ஆகவே புதுக்குட்டியின் உடலில் எதிர்ப்பாற்றலை முன்னதாகவே உண்டாக்குதல் வேண்டும். ஒரு தடுப்பூசி போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்று பலர் கருதுகின்றனர். பிறந்த குட்டி சீம்பாலின் மூலம் தாயிடமிருந்து எதிர்ப்பொருள்களைப் பெறுகிறது. இவை வாரந்தோறும் குறைந்துகொண்டே வரும். குறையும் வழியில் ஒரு கட்டமுண்டு: உண்மையான வைரஸைத் தடுக்கப் போதாத அளவிலும், அதே சமயம் தடுப்பூசியைப் பயனற்றதாக்கப் போதுமான அளவிலும் அவை எஞ்சியிருக்கும். அக்கட்டம் எந்த வாரத்தில் வரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளும் வேறுபாடுண்டு. அதனாலேயே ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறையும் வரை ஊசியைத் திரும்பவும் போடுகின்றனர். கடைசி ஊசியைத் தவறவிட்டவர் பெரும்பாலும் முக்கியமானதையே தவறவிட்டவராகிறார். கடையில் வாங்கிய மருந்தை வெயிலில் சைக்கிளிற் கொண்டுபோவதும் வீண். பனிக்கட்டியிட்ட பெட்டி வேண்டும்.

எனவே நோய் கண்ட வீட்டில் பாலறுந்த குட்டியை உடனே விடுதல் தகாது. ஊசி வரிசை முடியும் வரை அது தாய் வீட்டிலோ நோயறியாத வேறிடத்திலோ வளரட்டும். கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரம் கழித்துக் கொணரலாம். காவல் அவசரமெனில், ஊசிகள் முறையாகப் போடப்பெற்ற வளர்ந்த நாயை ஏற்பது குட்டியினும் மேல். நாட்டு நாய்க்கு இந்நோய் வாராது என்பது தவறான நம்பிக்கை. ஐயமுள்ளோர், 1955-இல் தொடங்கப்பெற்ற திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அருகிலுள்ள அரசினர் கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம். செல்லும்போது இறந்த நாய்க்கு எந்த ஊசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற சீட்டையும் உடன் கொண்டுசெல்க.