வீரனுக்கு வித்தை மறந்தது ஏன்?

பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு ஒருவன் வில்வித்தை பயின்றான். மறுநாள் பொழுது விடிந்தபோது அவனுக்கு நாணேற்றவே தெரியவில்லை. இப்படி ஒரு கதையை யாராவது சொன்னால், நாம் கேட்கும் முதல் கேள்வி ‘ஏன்?’ என்பதுதான். அதற்குத் தகுந்த பதில் கதை சொல்பவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவோம்.

புராணம் சொல்பவருக்கு நேர்ந்த இதே சங்கடம், இன்று விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கும் நேர்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கண் கொட்டாமல் ஆடுகிறார்களே, அந்த ஆட்டங்களில் ஒரு வகை உண்டு. ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு வாள்வீச்சோ மந்திரமோ ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்து, லெவல் லெவலாக மேலே ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் மூலம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் தேவையில்லை. காகிதம், பென்சில், பகடைக்காய் போதும். நாலைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார, ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக வாழ்வார்கள்.

ஏற்றியதை இறக்குவதில்தான் தொல்லை

வாரக்கணக்கில் ஆடிச் சேர்த்த திறமையைத் திடீரென்று பறிக்க வேண்டிய கட்டம் வரும். விதிப் புத்தகம் மாறலாம். முதல் பாகத்தில் உச்சிக்குப் போன வீரன், இரண்டாம் பாகத்தில் அடியிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அப்போது ஆடுகிறவர் கேட்பார்: “நான் பட்ட பாடெல்லாம் என்னவாயிற்று?” நியாயமான கேள்விதான். வருஷக்கணக்கில் சர்வீஸ் போட்டவரிடம், காரணம் சொல்லாமல், ‘நாளை முதல் நீ புது ஆள்’ என்றால் பொறுப்பாரா?

முதல் பதிப்பில் இதற்குச் சுருக்கமான வழி ஒன்று வைத்திருந்தார்கள். சில பேய்கள் தொட்டாலே லெவல் குறைந்துவிடும். ரத்தம் குடிக்கும் வாம்பயர் தொட்டால் ஒரே அடியில் இரண்டு லெவல் போகும். ஆடுகிறவர்கள் பேயைவிட இந்த விதிக்குத்தான் அதிகம் நடுங்கியிருப்பார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இந்த விதியே இல்லை.

1989-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில், கூலிக் கொலையாளி என்ற பாத்திர வகையையே நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் பயன்படுத்திவந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற கற்பனை உலகில் கொலையாளிகள் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தார்களே, அவர்களை என்ன செய்வது? அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். தெய்வங்கள் எல்லாம் பூமிக்குத் தள்ளப்பட்டன என்றும், அவற்றில் பேன் என்ற கொடிய தெய்வம் தன் பலத்தைப் பெருக்கிக்கொள்ள அந்த உலகிலிருந்த கொலையாளிகள் அத்தனை பேரின் உயிரையும் குடித்துவிட்டது என்றும் அதே ஆண்டு நாவலில் எழுதினார்கள். விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்ததற்கு, கதையில் ஒரு கூட்டமே மாண்டது!

காரணம் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம், ஆடியவர் செய்த எந்தச் செயலிலிருந்தும் பிறக்கவில்லை. மேலே எங்கோ யாரோ முடிவெடுக்க, கீழே இருப்பவன் தலையில் விடிந்த கதைதான்.

இதைவிட நயமாகச் செய்தவர்களும் உண்டு. 1997-ல் ஜப்பானில் வந்த ‘காசில்வேனியா’ வரிசை ஆட்டம் ஒன்றில், வீரன் கோட்டைக்குள் நுழைந்ததும் காலனே எதிரில் வந்து அவன் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொள்கிறான். பறித்தவன் யாரென்று தெரிந்துவிட்டது. பறித்த பொருள் அதே கோட்டைக்குள் கிடைக்கும். ஆடுகிறவருக்குக் கோபம் வந்தாலும், அது காலன் மீது வருமே தவிர, ஆட்டத்தை அமைத்தவர் மீது வராது. 2003-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டம் ஒன்றிலோ, நாயகன் ஏன் ஒன்றும் தெரியாத புதியவனாக இருக்கிறான் என்பதே கதையின் மர்ம முடிச்சு. ஒரு காலத்தில் உலகங்களை நடுங்க வைத்தவன் அவன். அந்த நினைவை அழித்துவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிகிறது. குறையாகத் தெரிந்ததே கதையின் கருவாகிவிட்டது.

நம் பெரியவர்கள் சொன்ன மூன்று காரணங்கள்

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. திறமை போவதற்கு நம் இதிகாசங்கள் மூன்று விதமான காரணம் சொல்லியிருக்கின்றன.

முதலாவது கர்ணன். அந்தணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் வித்தை கற்றான். குரு அவன் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைத்தது. வலியைப் பொறுத்துக்கொண்டான். அந்தப் பொறுமையே அவனைக் காட்டிக்கொடுத்தது. வேண்டிய நேரத்தில் பிரம்மாஸ்திரம் மறந்துபோகும் என்று சாபம் பெற்றான். பதினேழாம் நாள் போரில் அது பலித்தது. வித்தை வந்த வழியிலேயே அது போகும் வழியும் இருந்ததால், கர்ண மோட்சம் கூத்துப் பார்ப்பவர்கள் ‘ஐயோ’ என்று அழுகிறார்களே தவிர, ‘இது என்ன கதை?’ என்று கேட்பதில்லை.

இரண்டாவது அனுமன். சிறு வயதில் முனிவர்களின் ஆசிரமங்களில் சேட்டை செய்ததால், தன் பலம் தனக்கே தெரியாமல் போகும்படி சாபம். ஆனால் யாராவது எடுத்துச் சொன்னால் நினைவு வரும். கடற்கரையில் ஜாம்பவான் எடுத்துச் சொன்னார். கடலைத் தாண்டினான். இங்கே திறமை போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. மீளும் வழியைச் சாபத்திலேயே வைத்தார்கள்.

மூன்றாவதுதான் நெஞ்சைத் தொடுவது. கண்ணன் மறைந்த பின், துவாரகைப் பெண்களை அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் வருகிறான். வழியில் தடி ஏந்திய கள்வர்கள் மறிக்கிறார்கள். காண்டீபத்தை நாணேற்றவே திணறுகிறான். அஸ்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. அம்புகள் தீர்ந்துபோகின்றன. குருட்சேத்திரத்தை வென்றவன், வழிப்பறிக்காரர்களிடம் தோற்றான். வியாசரிடம் போய் முறையிட்டபோது, அவர் அவன் மேல் குற்றம் சொல்லவில்லை. அந்த ஆயுதங்கள் வந்த வேலை முடிந்தது, அதனால் போய்விட்டன என்றார்.

இந்த மூன்றாவது காரணத்தை மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் உள்ள நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் டைப்ரைட்டிங் ஹையர், சுருக்கெழுத்து பாஸ் செய்து, அந்தச் சான்றிதழை நம்பி ரயிலேறி வந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு காலத்தில் அந்த விரல்களுக்கு ஆபீசில் தனி மரியாதை. பிறகு டைப்ரைட்டர் இருந்த மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கும் அதே கதிதான். விரல் மறக்கவில்லை, காலம் மாறிவிட்டது. அவர்களைக் கர்ணனைப் போல் சாபம் பெற்றவர்கள் என்று சொன்னால் அது அநியாயம். அர்ச்சுனன் என்று சொன்னால்தான் நியாயம்.

ஆகவே, எந்தக் காரணத்தைச் சொல்கிறோம் என்பது சிறிய விஷயம் அல்ல. தண்டனை என்றால் வீரன் குற்றவாளி ஆகிறான். மறதி என்றால் அவன் காத்திருப்பவன். வேலை முடிந்தது என்றால் அவன் மரியாதைக்குரியவன். இழப்பு ஒன்றேதான், காரணம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பகடை உருட்டிக் கதை நடத்தும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஒருவனுடைய பாத்திரத்தின் திறமையைக் குறைக்க வேண்டுமானால், முதலில் அவனைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட வேண்டும். காரணத்தை அவன் முன்பு செய்த ஏதாவது ஒரு செயலிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பப் பெற வழி உண்டா இல்லையா என்பதையும் ஒளிக்கக் கூடாது. முடிந்தால் காரணத்தை அவனையே சொல்லச் சொல்லலாம். தனக்கு நேர்ந்த இழப்பைத் தானே கதையாகச் சொல்லத் தெரிந்தவன், அடுத்த வாரமும் ஆட்டத்துக்கு வருவான்.