வயலுக்குச் செல்வோர் மடியில் இருக்கவேண்டிய ஆபத்துதவி டப்பி

விளைச்சலைப் பற்றியும் விலையைப் பற்றியும் நமது குடியானவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்குகூடத் தங்கள் தேகத்தைப் பற்றி எடுத்துக்கொள்வதில்லை. மாட்டுக்குக் காணை நோய் கண்டால் உடனே வைத்தியரைத் தேடுகிறார்கள். தங்கள் காலில் முள் தைத்தாலோ அதைப் பொருட்படுத்தாது சேற்றிலேயே நின்று வேலை செய்கிறார்கள். வயல் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்பத்திரி ஊருக்கும் அப்பால் இருக்கிறது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இரவில் வருமாயின் இரவிலேயே தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. ஆபத்து நேரும் இடத்திற்கும் உதவி கிடைக்கும் இடத்திற்கும் நடுவே உள்ள இத்தூரமே பல உயிர்களைக் கவர்ந்துவிடுகிறது. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

இத்தூரத்தை நாம் குறைக்க இயலாது. ஆனால் உதவி வந்து சேரும் வரையில் செய்யவேண்டியதைச் செய்வதற்கான சாமான்களை உடலோடு வைத்துக்கொள்ளலாம். இது புது வழக்கமன்று. நமது முன்னோர்கள் முள்வாங்கியையும் சிறு கத்தியையும் இடுப்பிலே வைத்திருந்தார்கள். சுருக்குப்பையில் சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் இருந்தன. தோளில் துண்டு இருந்தது. இப்பொழுது அவை மறைந்து, சட்டைப்பையில் கைப்பேசி ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அதன் பாட்டரி தீர்ந்துபோனால் கையில் ஒன்றுமில்லை.

டப்பியைத் தயாரிக்கும் விதம்

மிட்டாய் அடைத்து வரும் தட்டையான தகர டப்பி ஒன்று போதும். சுமார் 4 அங்குல நீளமும், 2½ அங்குல அகலமும், ¾ அங்குல உயரமும் உள்ளதாயிருந்தால் சட்டைப்பையிலும் மடியிலும் உறுத்தாமல் அடங்கும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஓர் அங்குல அகலமுள்ள வளையம் நறுக்கி, மூடியும் அடியும் சேரும் இடத்தில் மாட்டிவிட்டால் ஈரம் எளிதில் உட்புகாது. இந்த ரப்பரில் ஒரு துண்டு, மழையில் நனைந்த சுள்ளியைப் பற்றவைக்கவும் உதவும். டப்பியில் வைக்கவேண்டிய சாமான்களாவன:

1. முள்வாங்கி ஒன்று, ஊசி இரண்டு, நூல் சிறிது, ஊக்கு நான்கு.
2. வேகவைத்து வெயிலில் உலர்த்திய வெள்ளைத் துணித்துண்டு இரண்டு, காகிதத்தில் மடித்தது, ஒட்டுப்பட்டை ஐந்தாறு.
3. மடக்குக் கத்தி, சிறியது.
4. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைத் தூள், 200 மில்லி தண்ணீருக்கான சிறு பொட்டலம் இரண்டு.
5. தீக்குச்சி பத்து. மருந்துள்ள தலைப்பை உருகிய மெழுகில் தோய்த்து ஆறவிட்டால் ஈரத்திலும் கெடாது. உரசும் பட்டையை நறுக்கித் தனியே காகிதத்தில் சுற்றி வைக்கவும்.
6. சோப்புத் துண்டு, கட்டைவிரலளவு.
7. நைலான் கயிறு, 3 கஜம்.
8. பென்சில் துண்டும் ஓர் அட்டையும்.

அட்டையில் பெயர், ஊர், வீட்டாருடைய கைப்பேசி எண்கள், தாம் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை எழுதவேண்டும். 108 என்னும் ஆம்புலன்ஸ் எண்ணையும், அருகில் பாம்புக்கடிக்குச் சிகிச்சை செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரியின் பெயரையும் அதில் குறிக்கவேண்டும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் விஷமுறிவு மருந்து இராது; எங்கே உண்டு என்பதை ஆபத்து வருமுன்னரே விசாரித்து வைத்தல் அவசியம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மயக்கம் வரும்போது வாயிலிட நாலைந்து கற்கண்டுத் துண்டுகளையும் சேர்த்துக்கொள்க.

டப்பியில் அடங்காதவை இரண்டு: சிறு டார்ச் விளக்கு, ஊதல். இவற்றை ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியலாம். கரும்புத் தோட்டத்தின் நடுவிலோ கிணற்றுக்குள்ளோ அகப்பட்டவனுடைய குரல் சிறிது நேரத்தில் கம்மிவிடும். ஊதலின் ஓசை கம்மாது, வெகுதூரம் எட்டும். மும்முறை ஊதினால் உதவி வேண்டும் என்று வீட்டாரிடமும் பக்கத்து வயற்காரரிடமும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ரணமும் முள்ளும்

மண்ணிலும் சாணத்திலும் இசிவு நோயை உண்டாக்கும் கிருமி வாழ்கிறது. ஆகையால் ரணத்தின்மேல் சாணம், மண், சாம்பல் முதலியவற்றை அப்புவது பெருந்தவறு. சுத்தமான நீராலும் சோப்பினாலும் கழுவி, ஊசி நுனியைத் தீயில் காட்டி ஆறவைத்து, முள்ளை நெகிழ்த்தி முள்வாங்கியால் எடுக்கவேண்டும். அரிவாள் வெட்டில் இரத்தம் பெருகினால் துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கவும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கலாகாது. ஆழமான காயத்திற்கு இசிவுத் தடுப்பு ஊசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பாம்புக்கடி

இவ்விஷயத்தில் டப்பியிலுள்ள சாமான்களை உபயோகிப்பதைவிட, உபயோகியாமல் இருக்கக் கற்பதே முக்கியம். கத்தி இருக்கிறதென்று கடிவாயைக் கீறக்கூடாது. கயிறும் ரப்பரும் இருக்கின்றனவென்று கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டக்கூடாது. கீறுவதால் விஷம் வெளியேறுவதில்லை. விரியன் கடியில் இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இறுகக் கட்டுவதால் அவயவம் அழுகிப்போவதும் உண்டு. வாயால் உறிஞ்சுவதும் பயனற்றது.

முற்காலத்தில் இதற்கென்றே ஒரு சட்டைப்பைக் கருவி வழக்கத்திலிருந்தது. சர் லாடர் பிரண்டன் முதலிய வைத்திய நிபுணர்கள் 1904-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பின்பற்றி, கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைத் தேய்ப்பதற்காகச் சிறு கத்தியும் மருந்தும் ஒருங்கே அமைந்த குப்பி இந்தியாவில் பரப்பப்பட்டது. பிற்கால அனுபவத்தில் அது பலனற்றதென்று தெளிவாகிக் கைவிடப்பட்டது. கைக்கடக்கமான கருவி கையில் இருப்பதனாலேயே அது உயிர் காக்கும் என்று நம்பிவிடலாகாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

செய்யவேண்டியது இதுவே. கடிபட்டவரை அமைதிப்படுத்தி அசையாமல் இருத்துக. மோதிரம், மெட்டி, வளையல், கயிறு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுக. எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் ஒரு குச்சியை வைத்துத் துண்டினால் இறுக்கமின்றிக் கட்டுக. நடக்கவிடாமல் தூக்கிச் செல்க. கடித்த நேரத்தை அட்டையில் குறித்து வைத்தியரிடம் கொடுக்கவும். பாம்பைத் துரத்தி அடிப்பதில் ஒரு நிமிஷமும் கழிக்கவேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கப்படுகிறது. ஆதலால் பாம்பைக் கொண்டுவந்து காட்டவேண்டிய அவசியமில்லை. இம்மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் நிறுவப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் சேகரித்து அளித்து வருகிறார்கள்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்போரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ இராமலும், பற்குறி தெரியாமலும் போகலாம். களத்தில் உறங்கி எழுந்தவர் வயிற்றுவலி என்றோ, கண்ணிமை தாழ்கிறது என்றோ சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. இரவில் டார்ச் விளக்கும் கைத்தடியும் கால்மூடிய செருப்பும் இன்றி வரப்பில் அடிவைக்கலாகாது. விளக்கு, மற்றெல்லாச் சாமான்களையும்விட அதிக உயிர்களைக் காக்கும். ஏனெனில் அது கடி நேராமலே தடுக்கிறது.

வெயிலும் பூச்சிமருந்தும்

கோடை அறுவடையில் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் கண்டால் நிழலில் அமர்ந்து, பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு தண்ணீரிலேயே தூளைக் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகவேண்டும். பொட்டலம் இல்லாவிடின் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேர்க்கலாம். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு தவறினாலோ வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. உடலை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

பூச்சிமருந்து மேலே பட்டால் நனைந்த உடையை உடனே களைந்து, சோப்பினால் நன்றாகக் கழுவுக. கண்ணில் பட்டால் சுத்த நீரால் 15 நிமிஷம் கழுவுதல் வேண்டும். வைத்தியரிடம் செல்லும்போது மருந்துப் புட்டியின் சீட்டைத் தவறாமல் எடுத்துச் செல்க. என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை எளிதாகும். சீட்டில் சிவப்புக் குறியுள்ளது மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என விஷம் படிப்படியாகக் குறையும். பச்சையும் விஷமே என்பதை மறவாதிருக்க.

பராமரிப்பு

மாதப் பிறப்புதோறும் டப்பியைத் திறந்து, துருவைத் துடைத்து, கத்திக்கு எண்ணெய் பூசி, தூள் பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்க்கவேண்டும். உபயோகித்த பொருளை அன்றே நிரப்புக. பல நாள் எடுக்காத டார்ச் விளக்கில் ஒரு பாட்டரியைத் தலைகீழாக மாற்றி வைத்தால், தற்செயலாக எரிந்து தீராது. உபயோகத்தில் உள்ளதை அவ்வாறு செய்யக்கூடாது. வீட்டிலுள்ள பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கூலியாட்களுக்கும் டப்பியிலுள்ளவை இன்னவை, எதற்கு எதைச் செய்யவேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் காட்டவேண்டும். கடிபட்டவன் தானே டப்பியைத் திறக்கும் நிலையில் இருப்பான் என்பது நிச்சயமன்று.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு சொற்பமே. பாதிச் சாமான்கள் வீட்டிலேயே கிடைக்கும். நடவுக்கு நாற்றும், அறுப்புக்கு அரிவாளும் சித்தப்படுத்தும் நமது குடியானவர்கள், அடுத்த முறை வயலுக்குப் புறப்படுமுன் இந்த டப்பியையும் சித்தப்படுத்தி மடியில் வைத்துக்கொள்வார்களாக.