நான்கு புள்ளியில் ஒரு மாங்காய்

கல்லூரி மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "காகிதத்தில் எனக்கு நன்றாகவே வரைய வரும். கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்துக் கோடு போட்டால் நடுங்கி நடுங்கி வருகிறது. பேனா வைத்து வரைகிற டேப்லெட் வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கிற நிலைமை இல்லை. மவுஸை வைத்தே அழகான படம் போடுகிறவர்கள் எப்படித்தான் போடுகிறார்கள்?"

அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. எடுத்த கருவிதான் பொருந்தவில்லை. காகிதத்தில் பென்சிலை விரல் நுனிகள் நடத்துகின்றன. மவுஸை மொத்தக் கையும் மூடிப் பிடிக்கிறது. மணிக்கட்டும் முழங்கையும்தான் அதை நகர்த்துகின்றன. மெல்லிய வளைவு போட அவை பழகியவை அல்ல. இந்த நிலையில் பென்சில் படம் போட்ட கருவியைத் தேர்ந்தெடுத்தால், மவுஸ் போன வழியை அப்படியே திரையில் பதிந்துகொண்டே போகும். நடுக்கமும் சேர்ந்து பதிவாகும்.

மவுஸ் பிறந்ததே வேறு காரியத்துக்காக. 1964-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் அதைச் செய்துகொடுத்தார். ஒரு சிறு மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். திரையில் ஓர் இடத்தைச் சட்டென்று சுட்டிக்காட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் இன்றைக்கும் அதற்கு நிகரான சாதனம் குறைவு. ஆகவே மவுஸிடம் கோடு இழுக்கச் சொல்லக் கூடாது, இடம் காட்டச் சொல்ல வேண்டும். இந்த நியாயத்தின் மேல் நிற்கும் கருவிக்குத்தான் பென் டூல் என்று பெயர். இல்லஸ்டிரேட்டர், கோரல் டிரா, இங்க்ஸ்கேப், ஃபோட்டோஷாப் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் பலரும் முதல் நாளே பயந்து ஒதுக்கிவிடும் கருவியும் இதுதான்.

சிறு வயதில் எங்கள் தெருத் தையற்காரர் ஜாக்கெட் துணியில் கழுத்து வரைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். டேப்பை வைத்து அகலத்துக்கு ஒரு புள்ளி, இறக்கத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் சாக்பீஸ் ஓடும். கழுத்தின் அழகு ஓடிய சாக்பீஸில் இருப்பதாகத்தான் அப்போது நினைத்தேன். புள்ளி விழுந்த இடம்தான் அழகைத் தீர்மானித்தது என்று பென் டூலைப் பழகியபோது விளங்கியது. அந்த வீச்சை இங்கே கணக்கு செய்துவிடுகிறது. புள்ளி வைப்பது நம் பொறுப்பு.

பட்டுச் சேலைக் கரையில் வரும் மாங்காயை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி வலப்பக்கம் வளைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பென் டூலை எடுத்து நுனியில் ஒரு கிளிக். கையை இழுக்க வேண்டாம். அது கூர்முனையாக நிற்கும். அடுத்து மாங்காயின் இடப்புறத்தில் எது கடைசி எல்லையோ அங்கே அழுத்தி, பொத்தானை விடாமல் கீழ்நோக்கி இழுங்கள். புள்ளியிலிருந்து மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் முளைக்கும். இவற்றைக் கைப்பிடி என்போம். பிறகு அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் அழுத்தி வலப்பக்கம் இழுங்கள். அடுத்தது வயிற்றின் வலப்புற எல்லை. அங்கே அழுத்தி மேல்நோக்கி இழுங்கள். கடைசியாக, தொடங்கிய நுனியிலேயே கிளிக் செய்தால் வடிவம் மூடிக்கொள்ளும்.

மொத்தம் நான்கு புள்ளிகள். முதல் பார்வைக்குக் கோணலாகத்தான் இருக்கும். இப்போது புள்ளிகளையும் கைப்பிடிகளையும் நகர்த்தும் நோடு கருவியை எடுத்து நுனியின் கைப்பிடிகளை வெளியே இழுத்துத் திருப்புங்கள். வயிற்றிலிருந்து நுனிக்குப் போகும் கோடு முதலில் உள்ளே ஒடுங்கி, பிறகு வெளியே திரும்பும். மாங்காயின் கழுத்து அங்கே பிறந்துவிடுகிறது. கைப்பிடி எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில்தான் கோடு புள்ளியை விட்டுக் கிளம்பும். கைப்பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அந்தத் திசையிலேயே போக முயலும். ஒரு புள்ளியின் இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். ஒடிந்து நின்றால் அங்கே மூலை விழும். பென் டூலின் இலக்கணம் இவ்வளவுதான்.

இந்தக் கைப்பிடி ஓவியர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பிரான்ஸ் நாட்டுக் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. அதற்கு முன் கப்பல் கட்டுகிற இடங்களில் வளையும் மரப்பட்டையை ஈயக் குண்டுகளால் அழுத்தி நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு போடுவார்கள். காரின் உடம்புக்கு மாதிரி உருவங்களும் அச்சுத் தகடுகளும் செய்தார்கள். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் வடிவம் கொஞ்சம் விலகியது. எண்களைக் கொடுத்தால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில், வளைவை எண்களாகச் சொல்லும் வழி ஒன்று தேவைப்பட்டது.

சித்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் அந்த வழியைக் கண்டார். கம்பெனி அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோ கம்பெனியில் பியேர் பெசியே 1960-களில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். யூனிசர்ஃப் என்ற வடிவமைப்பு முறையை உருவாக்கி, தம் முறையை வெளியிடவும் செய்தார். அதனால் வளைவுக்குப் பெசியேயின் பெயர் நிலைத்தது. 1982-இல் தொடங்கிய அடோபி கம்பெனி, பக்கங்களை அச்சிடுவதற்கென்று உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இந்த வளைவைச் சேர்த்தது. 1987-இல் வந்த இல்லஸ்டிரேட்டர் அதை மவுஸின் முனையில் கொண்டுவந்து வைத்தது.

காஸ்தெல்ஜோ சொன்ன வழியைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகள் வையுங்கள்: தொடக்கம், தொடக்கத்தின் கைப்பிடி முனை, முடிவின் கைப்பிடி முனை, முடிவு. வரிசையாகச் சேர்த்தால் மூன்று கோடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குறி. மூன்று குறிகளைச் சேர்த்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுவிலும் குறி. அந்த இரண்டையும் சேர்த்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின் மேலேயே விழும். பாதிக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று மாற்றிச் செய்தால் அடுத்தடுத்த இடங்கள் கிடைக்கும். ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம்.

இந்த வளைவில் என்னை மிகவும் பிரமிக்க வைத்த சங்கதி ஒன்று உண்டு. இவ்வளவு சாமர்த்தியமான வளைவால் ஒரு வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது. முயற்சி போதாததால் அல்ல, கணிதமே வழிவிடுவதில்லை. வட்டம் என்றால் மையத்திலிருந்து எல்லாப் புள்ளியும் ஒரே தூரம். அதாவது கிடைத்தூரத்தின் வர்க்கத்தையும் செங்குத்துத் தூரத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். பெசியே வளைவில் இரண்டு தூரங்களும் பல்லுறுப்புக் கோவைகள். வர்க்கப்படுத்தும்போது உச்ச அடுக்கு உறுப்பின் கெழுக்களும் வர்க்கமாகின்றன. கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டுமானால் அந்த உச்ச உறுப்பு மறைய வேண்டும். சுழியமல்லாத எண்ணின் வர்க்கம் மிகை எண். ஒரு மிகை எண்ணோடு இன்னொரு வர்க்கத்தைக் கூட்டினால் எங்கிருந்து சுழியம் வரும்? வராது. ஆகவே வட்டமும் வராது.

ஆனாலும் வரைகிறோம். எப்படி என்றால், வட்டத்தை நான்காகப் பிரித்து மேல், கீழ், இடம், வலம் என நான்கு புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு கைப்பிடியையும் ஆரத்தின் 0.5523 பங்கு நீளத்துக்கு நிறுத்துகிறோம். கிடைப்பது வட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு. நான்கு புள்ளிகளிலும், அடுத்தடுத்த இரண்டுக்கு நட்டநடுவிலும் உண்மை வட்டத்தைத் தொடும். மற்ற இடங்களில் துளி வெளியே பிதுங்கும். அதிகபட்சப் பிதுக்கம் ஆரத்தில் சுமார் 0.027 விழுக்காடு. 10 செ.மீ. ஆர வட்டத்தில் 0.027 மி.மீ.; தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பி.டி.எஃப். கோப்பில் வட்டம் என்ற கட்டளையே கிடையாது. அதில் வட்டமாக வரைந்த முத்திரை, சக்கரம் எல்லாம் கோடுகளையும் இந்த வளைவுகளையும் கொண்டு கட்டியவைதான். நாலே புள்ளி சரியான இடத்தில் விழுந்து கைப்பிடி சரியான நீளத்தில் நின்றால், முடியாத வட்டத்துக்கே அவ்வளவு கிட்டத்தில் போய்விடலாம். நாற்பது புள்ளியைக் கையால் சுற்றிலும் குத்தினால் அந்த வழவழப்பு வராது.

நம் எழுத்துக்களும் இப்படித்தான் உருவாகின்றன. விண்டோஸுக்கான லதா எழுத்துருவைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் 'இ'யின் சுழி பிசிறு தட்டாமல் இருக்கிறதே, அது புள்ளிகளாகவும் வளைவுகளாகவும் உள்ளே இருப்பதால்தான். அந்த வகை எழுத்துருக்களில் வளைவு இன்னும் எளிமையானது. இரண்டு கைப்பிடிக்குப் பதில் ஒன்று. எழுத்துரு செய்கிறவர்கள் வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் புள்ளி வைத்து, கைப்பிடியை நேர்குத்தாகவோ நேர்கிடையாகவோ நிறுத்தப் பழகியிருப்பார்கள். மாங்காய்க்கும் அதே வழியைத்தான் மேலே சொன்னேன்.

இனி என் வருத்தம். இத்தகைய நிரல்கள் பலவற்றில் டிரேஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து அழுத்தினால் நிரலே ஓரங்களைத் தேடிக் கோடு போட்டுவிடும். அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாங்காய் எது, அழுக்கு எது என்று தெரியாது. ஜரிகை இழையின் பிசிறு, கேமராவின் மங்கல் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போகும். நான்கில் முடிய வேண்டியது நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். ரேடியம் ஸ்டிக்கர் கடையில் நின்று பாருங்கள். ஒழுங்காக வரைந்த எழுத்தென்றால் பிளாட்டரின் கத்தி ஒரே ஓட்டமாகச் சுழியைச் சுற்றி வந்துவிடும். டிரேஸ் செய்த எழுத்தில் கத்தி புள்ளிக்குப் புள்ளி தயங்கித் தயங்கி நகரும். ஓரம் ரம்பம்போல் வெட்டுப்படும். ஸ்டிக்கரை உரிக்கும்போது மெல்லிய முனைகள் கூடவே கிழிந்து வரும். கடைக்காரர் இயந்திரத்தைத்தான் திட்டுவார்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்கு. மாங்காயை நான்கு புள்ளியில் வரைகிறவர், முதலில் அது எங்கே திரும்புகிறது, எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வைதான் ஓவியப் பயிற்சி. பொத்தானை அழுத்தினால் அது நடப்பதில்லை. பழைய சேலைக் கரைகள், கைவண்ணத்தில் எழுதிய கடைப் பலகைகள், கோயில் தூண் கொடிகள் எல்லாவற்றையும் இப்போது கோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அவற்றை டிரேஸ் செய்து அடுக்கிவைத்தால், செய்தவருக்கு வடிவம் பிடிபடாது. அடுத்து எடுப்பவர் அதில் ஒரு வளைவைத் திருத்தவும் முடியாது. நூறு புள்ளியை நகர்த்த யாருக்குப் பொறுமை இருக்கும்? நான்கு புள்ளி மாங்காயை யார் வேண்டுமானாலும் எடுத்து வளர்க்கலாம், சாய்க்கலாம், புதுக் கரைக்குப் பொருத்தலாம்.

பணமும் ஒரு தடை அல்ல. 2003-இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் இலவசம்; திருட்டுப் பிரதி தேடி வைரஸ் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 'B' விசையை அழுத்தினால் பென் டூல், 'N' விசைக்கு நோடு கருவி. பழகத் தொடங்குகிறவர்கள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, பேனாவால் முதலில் புள்ளிகளை மட்டும் குறியுங்கள்: மூலைகள், நான்கு பக்க எல்லைகள், வளைவு உள்ளிருந்து வெளியே திரும்பும் இடங்கள். பிறகு திரைக்கு வாருங்கள். ஒவ்வொரு கைப்பிடியையும் அடுத்த புள்ளி வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுத்துத் தொடங்குங்கள். வரைந்து முடித்ததும் ஒரு புள்ளியை அழித்துப் பாருங்கள். வடிவம் கெடவில்லை என்றால் அது தேவையில்லாத புள்ளி.

பயிற்சி மையங்களில் பாடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த மெனுவில் எது இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்வார்கள். முதல் மாதம் டிரேஸ் பொத்தானைத் தொடவிடாமல், தினம் ஒரு தமிழ் எழுத்தைப் பென் டூலில் வரையச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் புள்ளி எண்ணிக்கையைப் பார்த்துப் போடுங்கள்: அழகு குறையாமல் யார் குறைவான புள்ளியில் முடித்தாரோ அவருக்கு முதலிடம். இரண்டாம் மாதம் டிரேஸைச் சொல்லிக்கொடுங்கள். அது போட்டுத் தரும் புள்ளிகளில் எவற்றை அழிக்க வேண்டும் என்று அதற்குள் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.