குருந்தூர்மலையில் சட்டத்தின் கண்

முல்லைத்தீவு, தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிய காட்டுக்குள் இருக்கிறது குருந்தூர்மலை. அங்கே பழைய செங்கல் இடிபாடுகள் உண்டு. ஆதிசிவன் ஐயனாருக்குச் சூலம் நட்டு ஊரவர் பொங்கிப் படைத்த இடமும் அதே மலைதான். செங்கல்லைப் பார்த்து ஆய்வாளர் நூற்றாண்டு சொல்லலாம். சூலத்தைப் பார்த்து என்ன சொல்வது? துருப்பிடித்தால் ஊரவர் புதிதாக ஒன்றை நட்டுவிடுவார்கள்.

சட்டம் முதலில் வயதைத்தான் கேட்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு எல்லைக்கோடு 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முற்பட்ட கட்டடம் புராதனச் சின்னம், உத்தரவுப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். புதையல் தேடி இரவில் மண்வெட்டியோடு போகிறவர்கள் இருக்கும்வரை இப்படியொரு சட்டம் கட்டாயம் வேண்டும்.

ஆனால் வேலியே பயிரை மேய்கிறது என்பதுதான் முல்லைத்தீவு அடங்கிய வன்னியின் மக்களது முறைப்பாடு.

2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க முன்னிலையில், புத்தர் சிலையோடு அகழ்வு தொடங்கியது. பட்டை தீட்டிய கல்லொன்று வெளிப்பட்டது. தமிழ் ஆய்வாளர்கள் அதைத் தாராலிங்கம் எனும் சிவலிங்க வகை என்றார்கள்; தொல்பொருள் திணைக்களமோ அந்த இடத்தைப் பௌத்த எச்சமாகவே கண்டது. பிறகு இடிபாட்டின் மேலேயே புதிய கட்டுமானம் எழுந்தது. பழைய சின்னத்தைக் காக்கும் சட்டத்தின் கண்முன்னே புதுச் செங்கல் ஏறியது எப்படி என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்? 2022 ஜூலையில் முல்லைத்தீவு நீதிமன்றம் புதிய கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. அந்தக் கட்டளை மீறப்பட்டதாக 2023 ஓகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம், அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தல் எனக் கூறிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

பாதுகாக்கப்பட்ட இடத்தில் வழிபாடே கூடாது என்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பூசையும் தவறாமல் நடக்கிறது. வவுனியா வடக்கில், வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேசுவரர் கோயிலில் நடந்ததே வேறு. 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவில் வழிபாட்டில் இருந்த எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தனர். தொல்பொருள் சட்டத்தின் கீழ் அவர்கள் விளக்கமறியலுக்குப் போனார்கள். மார்ச் 19இல் வவுனியா நீதவான் நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்து, வழக்கையும் தள்ளுபடி செய்தது.