“அலுமினியம் துருப்பிடிக்குமா?” தாத்தா கோபம்: 2 மாத உழைப்பை அழித்த பேத்தி!

தாம்பரம்,-

இரண்டு மாதம் கண்விழித்து, பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டிய குட்டி விமானத்தை ஒரே ராத்திரியில் ஸ்பிரிட்டில் ஊறப் போட்டு அழித்துவிட்டார், ஒரு இளம்பெண். காரணம், தாத்தா கேட்ட ஒரே ஒரு கேள்வி!

கிழக்கு தாம்பரத்தில் இருக்கிறது அவர்கள் வீடு. தாத்தாவுக்கு வயது 75. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்திக்கு 24. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. “பேரைப் போட்டுடாதீங்க சார். ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க” என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1963-ம் ஆண்டு இந்திய விமானப்படையில் சேர்ந்த ‘மிக்-21’ போர் விமானங்கள், 62 ஆண்டு சேவைக்குப் பிறகு 2025 செப்டம்பர் 26-ந்தேதி சண்டிகாரில் விடைபெற்றன. டெலிவிஷனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் கைப்பட வேலை பார்த்த ‘மிக்-21 எப்.எல்.’ என்ற பழைய ரகம் 2013-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. கடைசியாகப் போனது அதன் தம்பி. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பேத்திக்கு பிளாஸ்டிக் மாடல் கட்டும் பழக்கம் உண்டு. “தாத்தாவுக்கு அவரோட விமானத்தையே கொடுத்தா என்ன?” என்று தோன்றியது. நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவுள்ள மிக்-21 ‘கிட்’ ஒன்றை வரவழைத்தார். கட்டி முடித்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 15 செ.மீ.

அழுக்காக்கும் கலை

ஒட்டுவது சுலபம். வண்ணம் தீட்டுவதுதான் வேலை. அதைவிடப் பெரிய வேலை, தீட்டிய பிறகு அழுக்காக்குவது! ‘வெதரிங்’ என்கிறார்கள்.

புத்தம் புது பொம்மையை எதற்கு அழுக்காக்க வேண்டும்? நமக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பஸ் டெப்போவில் நிற்கும் பஸ்சைப் பாருங்கள். கண்டக்டர் தட்டித் தட்டி, கதவு ஓரத்தில் பெயிண்ட் போயிருக்கும். படியில் கால் பட்டுப் பட்டுத் தகரம் பளபளக்கும். அதெல்லாம் இல்லாவிட்டால் அது ஓடுகிற பஸ் இல்லை, ஷோரூம் பஸ். விமானமும் அப்படித்தான்.

பேத்தி எதையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சைக் கிள்ளி வெள்ளி நிறத்தில் தோய்த்து, உடம்பெல்லாம் ஒற்றிப் பெயிண்ட் உரிந்த மாதிரி காட்டினார். வால் பக்கம் கரி. ஸ்குரூ இருக்கும் இடங்களில் செம்மண் நிறத்தில் துருக் கோடுகள். அவருடைய சிநேகிதர்கள் போட்டோவைப் பார்த்து, “பிரமாதம்” என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபியோடு விமானத்தையும் தாத்தாவின் முன்னால் வைத்தார், பேத்தி.

பெரியவர் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ஏம்மா, அலுமினியம் துருப்பிடிக்குமா?”

பேத்தியால் பதில் சொல்ல முடியவில்லை.

“இந்த விமானம் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. துரு எங்கேர்ந்து வந்துச்சு? இதோ பார், இந்தப் புள்ளி. ஒரு மில்லி மீட்டர் இருக்குமா? 48-ஆல பெருக்கிப் பார். கிட்டத்தட்ட 5 சென்டி மீட்டர்! உள்ளங்கையில பாதி. அந்த அளவுக்கு உடம்பெல்லாம் பெயிண்ட் உரிஞ்சு கிடந்தா எங்க ஆபீசர் எங்களைச் சும்மா விட்டிருப்பாரா? தினம் துடைச்சோம்மா. ராத்திரி ரெண்டு மணிக்குத் துடைச்சோம். இது என் விமானம் இல்லே. ஏதோ காயலான் கடை விமானம்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். காபி ஆறிப் போயிற்று.

ஸ்பிரிட்டில் குளியல்

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. “முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் அந்த 5 சென்டி மீட்டர் கணக்கு தூங்க விடலே. அவர் சொன்னது சரிதானே?” என்கிறார், பேத்தி. மூன்றாம் நாள் ராத்திரி, கண்ணாடியை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, விமானத்தை ஸ்பிரிட் தொட்டியில் போட்டார். பழைய டூத் பிரஷ்சால் தேய்த்தார். விடிவதற்குள் வெறும் பிளாஸ்டிக்!

காலையில் அதைப் பார்த்த தாத்தா, ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது.

1971 போர் சமயத்தில் அவருக்கு வயது 21. கிழக்கு எல்லையில் ஒரு விமான தளத்தில் வேலை. அதுவரை வெள்ளியாய்ப் பளபளத்த பல மிக்-21 விமானங்களுக்கு, எதிரி கண்ணில் படாமலிருக்க, அந்தந்த தளங்களிலேயே அவசரமாகப் பச்சையும் பழுப்புமாக மறைப்பு வண்ணம் பூசப்பட்டது. ஒரு படைப்பிரிவில் போட்ட மாதிரி இன்னொன்றில் இருக்காது. அந்த ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி டாக்கா கவர்னர் மாளிகை மீது ராக்கெட் வீசியது இந்த ரகம்தான். அன்றே கவர்னர் ராஜினாமா செய்தார்.

“நாங்க பூசினது பிரஷ்ல. ஓவியமா அது? அவசரம். அடியில வெள்ளி அப்படியே இருக்கும்” என்றார், பெரியவர்.

அதையே முறையாக்கிக்கொண்டார், பேத்தி. முதலில் பிளாஸ்டிக் முழுவதும் வெள்ளி. அது நன்றாகக் காய்ந்ததும், தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே ஒரு பூச்சு. அதன் மேல் தண்ணீரில் கரையும் பச்சை, பழுப்பு. பிறகு ஈர பிரஷ்சால் லேசாகத் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர் ஸ்பிரே கரைந்து, மேல் வண்ணம் நிஜமாகவே உரிந்து வெள்ளி எட்டிப் பார்க்கிறது. பஞ்சால் ஒற்றிய புள்ளிக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது!

எங்கே உரிய வேண்டும்? அதைத் தாத்தா சொன்னார். பைலட் ஏறும் ஏணி சாயும் ஓரம். இறக்கை உடம்போடு சேரும் இடம். அங்கேதான் மெக்கானிக் முழங்காலை ஊன்றுவார். பிறகு உடம்பின் நடுவே ஒரு வளையம். மிக்-21 என்ஜினைக் கழற்ற வேண்டுமானால் விமானத்தின் பின்பாதியையே கழற்றிப் பின்னால் இழுக்க வேண்டும். அந்த இணைப்பில் எத்தனை தடவை பூசினாலும் பெயிண்ட் நிற்காதாம். “மத்த இடத்துல கை வைக்காதே” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வால் குழாயில் கரியும் போயிற்று. சூடுபட்ட உலோகத்தின் நீலமும் பழுப்பும் வந்தது. சக்கரத்தின் நடுப்பகுதி பச்சை. பைலட் அறையின் உள்பக்கம் மயில் கழுத்து நிறம். ரஷ்யக்காரர்களின் வழக்கம் அது.

வாலில் எழுத வேண்டிய எண்ணைப் பேத்தி கேட்டபோது, பெரியவர் யோசிக்கவே இல்லை. 54 வருஷம் கழித்து, சட்டென்று சொன்னார்.

“போன தடவையெல்லாம் திரும்பி வந்த விமானம்மா அது. துருப்பிடிச்சிருந்தா வந்திருக்குமா?”

“துடைக்கிறது என் வேலை”

கடைசியில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அதன் மேல் கறுப்புப் பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தொட்டு வைத்தால், தகடுகள் சேரும் மெல்லிய கோடுகளில் அது தானே ஓடி நிரம்புகிறது. கோட்டுக்கு வெளியே வழிந்ததைத் துடைத்து எடுக்க வேண்டும். காற்று அடிக்கும் திசையில், முன்னாலிருந்து பின்னால், ஒரே இழுப்பு. குறுக்கே துடைத்தால் கெட்டது.

பெரியவருக்கு இப்போது கை நடுங்குகிறது. பிரஷ் பிடிக்க முடியாது. ஆனால் காது குடையும் பஞ்சுக் குச்சியை வாங்கிக்கொண்டார். “கொடு. துடைக்கிறது என் வேலை” என்றார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, இரண்டு இறக்கைகளையும் அவரே துடைத்து முடித்தார். கை நடுங்கியதால் ஓரிரு கோடுகள் லேசாக அலைகின்றன. அவற்றைத் திருத்தப் பேத்திக்கு மனசு வரவில்லை.

மங்கல் வார்னிஷ் அடித்து முடித்து, கண்ணாடி மேல் ஒட்டியிருந்த டேப்பையும் உரித்தாயிற்று. இப்போது அந்த விமானம் ஹாலில் டெலிவிஷன் பக்கத்தில் நிற்கிறது. நாம் போயிருந்தபோது குனிந்து பார்த்தோம். உடம்பெல்லாம் லேசான தூசி நிறம். கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. “இது மட்டும் ஏன் இவ்வளவு சுத்தம்?” என்று கேட்டோம்.

“அதுல ஒரு கொசு ஒட்டியிருந்தாக்கூட, மேலே போனப்புறம் பைலட் கண்ணுக்கு அது எதிரி விமானமாத் தெரியும் சார்” என்றார், பெரியவர்.

சொல்லிக்கொண்டே, தன் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, நாம் குனிந்தபோது பட்ட மூச்சு ஈரத்தைத் துடைத்தார்.