பாட்டனாரின் மேசைக்குள் ஒரு கணிப்பொறி

நம்மவர் இல்லங்களில், கூடத்தின் மூலையிலோ மாடி அறையிலோ, பழைய மர மேசை ஒன்று நிற்பதை வாசகர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வாணிபம் செய்து திரும்பிய பாட்டனாரோ, உள்ளூரிலேயே கடை வைத்திருந்த பெரிய வாப்பாவோ கணக்கெழுதிய மேசை அது. ஒரு புறம் இழுப்பறைகள், மறுபுறம் கதவிட்ட சிறு அலமாரி, பித்தளைக் கைப்பிடிகள், மேற்பலகையில் மைக்கூடு வைப்பதற்கென்று குடைந்த வட்டத் துளை. இப்போது அதன்மேல் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிகள் கிடக்கும். வீடு பாகம் பிரியும் நாளில் பழைய சாமான் வாங்குபவர் வந்து, மரத்தின் எடையை மட்டும் மதித்து, ஒரு விலை சொல்லி ஏற்றிச் சென்றுவிடுவார். அதே வாரத்தில் பிள்ளையின் படிப்புக்கென்று, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான கம்ப்யூட்டர் மேசை ஒன்று அவ்வீட்டுக்குள் நுழையும். இரண்டு மழைக்காலம் கண்டால் அதன் விளிம்புகள் ஊறி உப்பிவிடும்.

பழைய மேசையை விற்காமல், கணிப்பொறியையே அதற்குள் குடியேற்ற முடியாதா? முடியும். எப்படி என்பதையும், எங்கே கவனம் வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல விழைகிறேன்.

இது புதுமை போலத் தோன்றினாலும் புதுமையன்று. தையல் இயந்திரம் மர மேசைக்குள் மடங்கிப் படுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். 1980களில் நம் வீடுகளுக்கு வந்த சாலிடேர், டயனோரா தொலைக்காட்சிப் பெட்டிகள் மரக் கூட்டிலேயே வந்தன. இழுத்து மூடும் கதவுகளும் இருந்தன. கணிப்பொறியின் வரலாற்றிலும் மரத்துக்கு இடம் உண்டு. 1964இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் செய்த முதல் ‘மவுஸ்’ ஒரு மரத்துண்டைக் குடைந்து செய்ததே. 1976இல் 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஆப்பிள்-1 வெறும் மின்சுற்றுப் பலகையாகத்தான் விற்கப்பட்டது. அதற்கு உறை கிடையாது. வாங்கியவர்களுள் சிலர் தச்சரிடம் கொடுத்து மரப்பெட்டி செய்து அதில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு பழைய பொருளையும் நினைவுகூருங்கள். இலங்கை வானொலியைக் கேட்பதற்கென்றே நம் வீடுகளில் வைத்திருந்த வால்வு ரேடியோ. முன்புறம் பளபளக்கும் மரமும் துணியும் இருக்கும். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் துளைகள் நிறைந்த ஓர் அட்டைதான் இருக்கும். வால்வுகளின் சூடு வெளியேறுவதற்காக அப்படிச் செய்தார்கள். மேசைக்குள் கணிப்பொறி வைப்பவருக்கு அந்த அட்டையைவிட நல்ல ஆசான் இல்லை.

என் தமக்கையின் வீட்டில் இந்த வேலை நடந்தபோது உடனிருந்து பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன், மேற்பலகையை அறுத்துக் கண்ணாடி பதித்து, உள்ளே வண்ண விளக்குகள் எரியும்படி செய்யலாம் என்று படங்களைக் காட்டினான். தமக்கையின் மாமியார் படங்களைப் பார்க்கவே இல்லை. “அவுக கை வச்ச பலகையில ரம்பம் படக் கூடாது வாப்பா” என்றார்கள். நாற்பது ஆண்டுகள் அந்த மேசையில் கணக்கெழுதிய கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அம்மையார் அவர்கள். பேரனுக்கு முகம் வாடிவிட்டது. ‘அப்படியானால் இந்த மேசை யாருக்கும் பயன்படாமல் கிடக்கட்டும்’ என்று அவன் சொல்லாமல் சொன்னான். இருவர் பக்கமும் நியாயம் இருந்ததால், நான் வாய் திறக்கவில்லை.

தீர்ப்புச் சொன்னவர் ஆசாரியார். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, முதுகுப்புறம் குனிந்து பார்த்தார். “பாய், இதுல அறுக்க வேண்டிய அவசியமே இல்ல. முதுகுப் பலகை நாலு திருகாணியில நிக்குது. அலமாரியோட அடிப்பலகை சும்மா சட்டத்து மேல உக்காந்திருக்கு. ரெண்டையும் எடுத்து வச்சிட்டு, அதே அளவுல ப்ளைவுட்ல புதுசா போட்டுக்கலாம். துளை எல்லாம் புதுசுல. பழசு அப்படியே இருக்கும்” என்றார். அம்மையார் அதன் பிறகுதான் மேசையைத் தொட அனுமதித்தார்கள். பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் பழைய பலகைகளைப் பொருத்தி மேசையை முன்னிருந்தவாறே ஆக்கிவிடலாம் என்பதை நம் வாசகர்களும் முதல் விதியாகக் கொள்ளலாம்.

இனி அளவுகள். சாதனங்களை வாங்குவதற்கு முன்பே அலமாரியின் உட்புறத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டு மூன்று அளவுகளில் பெரிதும் கிடைக்கிறது. ஏ.டி.எக்ஸ். 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பொதுவாக 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், 140 ஆழம். அலமாரியின் உள்ளகலம் 350 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மைக்ரோ பலகையையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 394 ஆகிவிடும், இடம் போதாது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 384. ஆழம் 450 இருக்குமானால், கம்பிகள் வளைவதற்கும் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சும். செய்தித்தாளை இந்த அளவுகளில் கத்தரித்து அலமாரிக்குள் பரப்பிப் பாருங்கள். பிராசஸரின் மேல் அமரும் குளிர்விப்பானின் உயரத்தையும் மறவாதீர்கள். கோபுரம் போல் நிற்பவை 155 மில்லிமீட்டருக்கும் மேல் போகும்.

மதர்போர்டை மரத்தின்மீது நேரடியாகத் திருகிவிட வேண்டாம். கடைகளில் வரும் கணிப்பொறிப் பெட்டி இரும்புத் தகட்டால் செய்யப்படுவது அழகுக்காகவன்று. பலகையின் திருகுத் துளைகள் வழியே அந்தத் தகடு நிலத் தொடர்பாகிய ‘எர்த்’தோடு இணைகிறது, மின்காந்த இரைச்சலையும் ஓரளவு அடக்குகிறது. மரத்துக்கு அந்த இயல்பு இல்லை. ஆதலால் கழித்துப் போட்ட பழைய கேபினட் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் பழுது பார்ப்பவரிடமோ வாங்கி, அதனுள்ளிருக்கும் தகட்டை மட்டும் கழற்றி, அலமாரிக்குள் பொருத்துங்கள். தகட்டுக்கும் பலகைக்கும் இடையே சிறு பித்தளைத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். அவையின்றிப் பலகையின் அடிப்பற்றுகள் தகட்டைத் தொட்டால், முதல் முறை பொத்தானை அழுத்தும்போதே பலகை பாழாகக்கூடும். தகட்டின் பக்கங்களில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மரம் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும்; இரும்பு அதோடு சேர்ந்து அசையாது.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரும்பு அதைவிட முந்நூறு மடங்கு அளவுக்குக் கடத்தும். மூடிய மரப்பெட்டிக்குள் பிறந்த சூடு பெட்டிக்குள்ளேயே சுழலும். படிப்புக்கும் கணக்குக்கும் போதுமான, தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத ஒரு கணிப்பொறி 100 வாட் அளவுக்குள் அடங்கிவிடும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை அலமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கென்று வாங்கும் கிராபிக்ஸ் அட்டைகளுள் பெரியவை தாமாகவே 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். அத்தகையவற்றைப் பழைய மேசைக்குள் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பிராசஸர் ஏறத்தாழ 95, 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் நின்றுவிடும். ஆகவே அது தன்னைக் காத்துக்கொள்ளும். மரத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. நாள்தோறும் வெப்பக் காற்று பட்டால் பொருத்துகள் உலர்ந்து விலகும். தமக்கை வீட்டில் முதலில் முதுகுப் பலகையை மட்டும் மாற்றி, மேற்பகுதியில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வெளிநோக்கி வைத்து, கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். பிராசஸர் 88 டிகிரி காட்டியது. விசிறி வெளியே தள்ளுவதற்குப் புதுக்காற்று உள்ளே வரும் வழி இல்லை என்று பேரன் கண்டுகொண்டான். பிறகு அடிப்பலகைக்குப் பதிலாகச் சட்டங்கள் இடைவிட்டு அடித்த பலகை போட்டு, அதில் உள்நோக்கிய விசிறி ஒன்றும் வைத்தார்கள். அதே வேலைக்கு 67 டிகிரிதான். மேசையின் கால்கள் தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்திருந்ததால் இது இயன்றது. மேசைக்கும் சுவருக்கும் இடையிலும் ஒரு சாண் இடம் வேண்டும்.

விசிறியை மரத்தில் இறுக்கித் திருகினால் மேசை முழுவதும் தப்ஸ் போல அதிரும். சைக்கிள் டியூபை நறுக்கி வட்டங்களாக இடையில் வைத்தால் ஓசை அடங்கிவிடும். தட்டுச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தவிர்த்து எஸ்.எஸ்.டி. போட்டால் அந்த அதிர்வும் இராது.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாக மாறித் தேங்கி நிற்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது இருக்கும். பழைய வீடுகள் பலவற்றில் சுவரில் மூன்று துளை இருந்தாலும் மூன்றாவது துளைக்குள் கம்பியே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகே தொடங்குங்கள். யு.பி.எஸ். மேசைக்கு வெளியே இருக்கட்டும். மேசைக்குப் புதிதாக மெருகேற்றுவதானால், ஸ்பிரிட் வாடை முற்றிலும் போன பின்னரே சாதனங்களை உள்ளே வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடுவது பேராபத்து. அவை நெருப்பின்றியே தாமாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அவற்றை விரித்து வெளியில் காயப்போட வேண்டும்.

இனி எஞ்சியவை மகிழ்ச்சியான வேலைகள். மைக்கூட்டுத் துளை இருக்கிறதே, மானிட்டரின் கம்பிகள் இறங்க அதைவிடப் பொருத்தமான வழி எது? நடு இழுப்பறைக்குள் கீபோர்டு படுத்துக்கொள்ளும், வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம். மேற்பலகையைவிட அது தாழ்வாக இருப்பதால் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கும் நல்லது. கணிப்பொறியைத் தொடக்கும் பொத்தான், மதர்போர்டின் இரண்டு முனைகளை ஒரு கணம் இணைத்து விடுவது மட்டுமே. அழுத்தினால் திரும்பி எழும் பழைய அழைப்புமணிப் பித்தளைப் பொத்தானே போதும். அதை எக்காலத்தும் வீட்டு மின்கம்பியோடு சேர்த்துவிடாதீர்கள். மரம் வானொலி அலைகளைப் பெரிதாகத் தடுக்காது என்பதால், வைஃபை ஆன்டெனாவைத் தகட்டை விட்டு விலக்கி அலமாரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

அடிப்பலகையின் இடைவெளிகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒன்றை அடித்துவிடுங்கள். பல்லிக்கும் கரப்பானுக்கும் சூடான இடம் மிகப் பிரியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வலையைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும். கரையான் மண், வண்டு துளைத்த மாவு ஏதேனும் தென்படுகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

தமக்கை வீட்டில் மேல் இழுப்பறையைக் கணிப்பொறிக்கென்று யாரும் கேட்கவில்லை. அதில் வீட்டுப் பத்திரங்களும் பழைய கணக்குச் சிட்டைகளும் இருக்கின்றன. சாவி அம்மையாரிடம் இருக்கிறது. கழற்றிய இரண்டு பலகைகளையும் ஆசாரியார் சாக்குக்கட்டியால் எண்ணிட்டு, திருகாணிகளை ஒரு துணியில் முடிந்து, பரணில் ஏற்றிவிட்டுப் போனார்.