தன் கட்சியை எதிர்த்துச் சட்டம் செய்த பிரதமர்

லங்காஷயரில் 1788-இல் பருத்தியாலை முதலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ராபர்ட் பீல், 21 வயதில் நாடாளுமன்றம் புகுந்து, உள்துறை அமைச்சராக இருந்தபோது 1829-இல் லண்டன் மாநகரக் காவல்துறையை நிறுவினார். சிவப்பு உடையணிந்த இராணுவம் தங்கள் தெருக்களை ஆள வந்துவிட்டதோ என்று மக்கள் ஐயுறாதிருக்க, காவலருக்கு நீலக் கோட்டு அளிக்கப்பட்டு, அதன் பின்புற வாலில் இருந்த நீண்ட பைக்குள் தடி மறைத்து வைக்கப்பட்டது.

எனினும் அவரது வாழ்வின் உச்சம் தானியச் சட்டங்களின் நீக்கமே. வெளிநாட்டுத் தானியத்தின்மீது சுங்கவரி விதித்து நிலவுடைமையாளரின் வருவாயைக் காத்த இச்சட்டங்களை நிலைநிறுத்துவார் என்று நம்பியே பழமைவாதக் கட்சியினர் 1841-இல் அவரைப் பிரதமராக்கியிருந்தனர். ஆனால் 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தபோது, அவர் ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை இரகசியமாக வாங்கச் செய்ததோடு, வரியையே ஒழிக்கவும் துணிந்தார். பசித்தவனின் உணவுக்கு வரி கூடாது என்ற அந்த முடிவு போற்றத்தக்கது. ஆயினும் வரி 1849 வரை படிப்படியாகவே குறைக்கப்பட்டதால், அயர்லாந்தின் பஞ்சத்தை அது தணிக்கவில்லை.

சொந்தக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களிக்க, எதிர்க்கட்சியினரின் ஆதரவால் மசோதா நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதற்கு இசைந்த 1846 ஜூன் 25 இரவிலேயே, அயர்லாந்து குறித்த வேறொரு மசோதாவில் தோற்றுப் பதவி விலகும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். 1850-இல் குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்தபின், கிளாட்ஸ்டன் உள்ளிட்ட அவருடைய ஆதரவாளர்கள் 1859-இல் லிபரல் கட்சியின் உருவாக்கத்தில் பங்கேற்றனர்.